தானாக உதிரும் பனி: ஒரு சின்னச் சரிவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் உச்சியில் ஆல்ட்டா என்ற சின்ன ஊர் வரும். வசாட்ச் மலைத்தொடர். சாலைக்கு வடக்கே, தெற்கு பார்த்து நிற்பது மவுண்ட் சுப்பீரியர், உயரம் சுமார் 3,360 மீட்டர். சாலையோரத்திலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்துக்கு அதன் முகம் மொத்தமும் ஒரே பார்வையில் தெரியும். மார்ச் மாதத்தில், பனிப்புயல் ஓய்ந்து வானம் வெளிவாங்கிய மறுநாள் காலை அந்த முகத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். கறுப்புப் பாறை ஒன்றின் அடியில் ஒரு கைப்பிடிப் பனி நழுவும். அது பக்கத்துப் பனியையும் சேர்த்துக்கொண்டு ஒரு முழம் அகலமாகி, அப்புறம் ஒரு ஆட்டோ அகலமாகி, கீழே போகப் போக விரிந்து, ஐம்பது நூறு மீட்டர் ஓடி நின்றுவிடும். இவ்வளவு தூரத்தில் சத்தம்கூடக் கேட்காது. சாலையில் போகிறவர்கள் அதைப் பார்க்கவே மாட்டார்கள்.

நான் எழுத வந்தது அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான். கயிறு கட்டிக் காவல் போட்ட பனிச்சறுக்கு (ஸ்கீ) மைதானங்களுக்கு வெளியே, பேக்கன்ட்ரி என்று சொல்லப்படும் காவலில்லாத மலைப்பகுதிக்குள் போகிறவர்களுக்கு அன்றைய பனியைப் பற்றி இதைவிட நேரடியான தகவல் கிடைப்பது கஷ்டம். ஆனால் அதைச் சரியாகப் படிக்க வேண்டும். தப்பாகப் படிப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், தப்பு இரண்டு திசையிலும் நடக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதும் பனிதான், மலையில் ஆளுயரத்துக்குக் குவிவதும் பனிதான். சரிவு என்பதும் அப்படியே, சாய்ந்த நிலமும் சரிவு, அதிலிருந்து சரிந்து விழுவதும் சரிவு. இந்தக் கட்டுரையில் சாய்ந்த நிலத்தைச் சாய்வு என்றும் விழுவதைச் சரிவு என்றும் சொல்கிறேன்.

பனிச்சரிவுகளில் அடிப்படையாக இரண்டு ஜாதி உண்டு. வீடு கட்டும் இடத்தில் லாரி மணல் கொட்டியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குவியலின் மேல்பக்கத்தில் ஒரு விரலால் தொட்டால் அந்தப் புள்ளியிலிருந்து மணல் உதிர ஆரம்பித்து, கீழே போகப் போக அகலமாகும், தலைகீழாகப் போட்ட V மாதிரி. உதிர்பனிச் சரிவு அதுதான். ஒரு புள்ளியில் தொடங்கும், மணல் மணி போன்ற துகள்களுக்குள் ஒன்றோடொன்று பிடிப்பில்லாத பனியில் நடக்கும். அங்கத்திய ஸ்கீயர்கள் இதை ஸ்லஃப் என்பார்கள். இன்னொன்று பலகைச் சரிவு, ஸ்லாப். சாய்த்து வைத்த மேஜை மேல் கடுகைப் பரப்பி, அதன் மேல் ஒரு பலகையை வைத்தது போல. மேலே இறுகிய பனி அடுக்கு, நடுவில் பலவீனமான அடுக்கு, அதற்கும் அடியில் பழைய பனி. நடுவில் இருக்கிற கடுகு ஓரிடத்தில் நொறுங்கினால் அந்த நொறுங்கல் கண் மூடித் திறப்பதற்குள் அடுக்கு முழுக்கப் பரவி, பலகை மொத்தமாகக் கழன்று வரும். மேலே குறுக்காக, கத்தியால் அறுத்தது போல ஒரு வெடிப்புக் கோடு நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போதே இரண்டையும் பிரிப்பது இதை வைத்துத்தான்: புள்ளியா, கோடா?

மலையில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவது ஜாதி. அதனால் பாடம் எடுப்பவர்களும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், உதிர்பனி ஓரமாக நிற்கிறது. நியாயம்தான், ஆனால் அதனால் ஒரு நஷ்டம் உண்டு. பலகை தன்னைக் காட்டிக்கொடுக்காது, அது இருப்பதே தெரியாமல் அதன் நடுவில் போய் நிற்க முடியும். உதிர்பனியோ கண் முன்னால் படிப்படியாக நடக்கும், மேற்பரப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மணிக்கு மணி காட்டும். நின்று பார்ப்பவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சரி, பனி ஏன் தானாக உதிர்கிறது? உலர்ந்த பனி, ஈரப் பனி என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

காற்றே இல்லாமல், நல்ல குளிரில் விழும் பனி பஞ்சு போல இருக்கும். ஒரு கன மீட்டரில் 50 முதல் 100 கிலோதான், மீதி எல்லாம் காற்று. நட்சத்திரக் கிளைகள் ஒன்றோடொன்று லேசாகக் கொக்கி மாட்டி நிற்கின்றன, அவ்வளவுதான் பிடிப்பு. 40 பாகைக்கு மேல் சாயும் இடங்களில் அது நிற்காது, புயல் அடிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கும். மரக்கிளையிலிருந்து ஒரு கட்டி விழுந்தால் போதும், ஓடிவிடும். சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் கிளைகள் உடைந்து, மணிகள் உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படிந்துவிட்டால் இந்த உதிர்தல் நின்றுவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. நீண்ட குளிர் நாட்களில் நிழலான வடக்குச் சாய்வுகளின் மேற்பனி மறுபடியும் சர்க்கரை மாதிரி மணி மணியாக மாறிவிடும். அது வாரக்கணக்கில் உதிரக் காத்திருக்கும், கிளப்பிவிட்டால் வேகமாகவும் வெகுதூரமும் ஓடும்.

ஈரப்பனி வேறு கதை. புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காய்ந்த மாவு கையில் நிற்காது. தண்ணீர் தெளித்துப் பிசிறினால் பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும். தண்ணீர் கூடிப்போனால் கூழ். பனியிலும் இதே பக்குவம்தான். மணிகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் கன அளவில் 3 சதவீதத்துக்குள் இருக்கும்வரை, மணிகள் தொடும் இடங்களில் மட்டும் அது தேங்கி, ஒட்ட வைக்கிற வேலையைச் செய்கிறது. உருண்டை பிடித்து எறிந்து விளையாட ஏற்ற பனி அது. அதைத் தாண்டி 8 சதவீதத்தை நோக்கிப் போகப் போக, தண்ணீர் இடைவெளிகளை நிரப்பி, மணிகளுக்கு இடையிலான பனிக்கட்டிப் பிணைப்புகளையே கரைத்துவிடும். ஒட்ட வைத்த தண்ணீரே பிரித்தும் வைக்கிறது. அப்புறம் 35 பாகைச் சாய்வில்கூடப் பனி நிற்க மறுக்கும்.

இந்தத் தண்ணீர் பெரும்பாலும் வெயிலிலிருந்து வருவது. புதுப்பனி மேலே படும் வெயிலில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் வெறும் பனி மெதுவாகத்தான் சூடாகும். கறுப்புப் பாறை அப்படியில்லை, வெயிலை உறிஞ்சிச் சூடாகி, தன்னைச் சுற்றி ஒரு சாண் பனியை முதலில் நனைக்கும். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாளிலும் பாறையடியில் பனி நழுவுவது இதனால்தான். சுப்பீரியரில் முதல் கைப்பிடி பெரும்பாலும் பாறை ஓரத்தில் தொடங்குவதும் இதனால்தான்.

இங்கே ஒரு கணக்கு சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. ஆல்ட்டா இருப்பது அகலக்கோடு 40.6 பாகையில். மார்ச் 20 வாக்கில், பகலும் இரவும் சமமாகும் நாளில், நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேலே 49 பாகை சொச்சத்தில் நிற்கும். அப்போது 40 பாகை சாய்ந்து தெற்கு பார்க்கும் நிலத்தில் வெயில் நெட்டுக்குத்தாக விழும், சமதளத்தில் நிற்கும் நமக்குத்தான் அது சாய்ந்த வெயில். ஆக, உங்கள் முகத்தில் இதமாகப் படும் மார்ச் வெயில், பனி உதிரத் தோதான அந்தச் சாய்வில் உச்சிவெயிலாக அடித்துக்கொண்டிருக்கும். கூடவே கடிகாரம் செய்யும் குழப்பம் ஒன்று. மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், அதனால் அந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஒன்றரை மணிக்கு. பன்னிரண்டு அடித்துவிட்டது, இனி வெயில் இறங்கிவிடும் என்று நினைத்துக் கிளம்புகிறவர் உண்மையில் ஏறுவெயிலில் போகிறார்.

சூரியன் நகர நகர உதிர்தலும் நகரும். காலையில் கிழக்குப் பார்த்த சாய்வுகள், அப்புறம் தென்கிழக்கு, தெற்கு, பிற்பகலில் மேற்கு. ஒரே மலை முகத்திலேயே விலா எலும்பு போலப் புடைத்திருக்கும் வரம்புகளின் கிழக்குப் பக்கம் முதலில் உதிரும், மேற்குப் பக்கம் மூன்று மணி நேரம் கழித்து. நின்று பார்த்தால் ஒரு கடிகார முள் நகர்வதைப் பார்ப்பது போலவே இருக்கும். ஆனால் இந்த ஒழுங்கை ஒரு மெல்லிய மேகப்படலம் கலைத்துவிடும். வெயில் கொஞ்சம் உள்ளே வரும், பனி வெளியே விடும் வெப்பமோ மேகத்தில் பட்டுத் திரும்பி வரும், கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தது போல. அப்படிப்பட்ட நாளில், வெயிலே படாத வடக்குச் சாய்வின் புதுப்பனிகூட நசநசவென்று ஆகிவிடும். சூரியன் தெரியவில்லையே என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறுவது அன்றைக்குத்தான். எதிர்ப்பக்கமும் உண்டு: குளிர்ந்த காற்று விடாமல் வீசினால் நல்ல வெயிலிலும் மேற்பனி உலர்ந்தே இருக்கும்.

இப்போது, எதைப் பார்த்துக் குறிப்பது என்பதற்கு வருகிறேன். உதிர்தலுக்கு முன்பே உருண்டைகள் வரும். பாறையிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்த ஒரு துண்டு, பாய் சுருட்டுவது போலப் பனியைச் சுருட்டிக்கொண்டு உருண்டு, சக்கர வடிவத்தில் நிற்கும். அது முதல் அறிவிப்பு. சின்ன உருண்டைகள் பெரிதாகின்றனவா, பாறையடியில் மட்டும் இருந்தவை திறந்த சாய்வின் நடுவிலும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்புறம் முதல் விசிறி, அதாவது விசிறி போல விரிந்து ஓடும் உதிர்பனிச் சரிவு, விழும். எத்தனை மணிக்கு, எந்தத் திசைச் சாய்வில், எந்த உயரத்தில், எதிலிருந்து தொடங்கியது, எவ்வளவு அகலம், எங்கே நின்றது. இதெல்லாம் இருந்தால்தான் அது குறிப்பு, பனி சரிந்தது என்று மட்டும் எழுதி வைத்தால் யாருக்கும் பயன்படாது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வைத்தால் எது புதிது எது பழையது என்ற சண்டையே வராது. நேற்றைய விசிறியில் கட்டிகள் இரவில் உறைந்து மங்கலாக இருக்கும், புயலுக்கு முந்தையதென்றால் மேலே புதுப்பனி தூவியிருக்கும். இன்றையது ஓரங்கள் கூர்மையாக, நிழல் தெளிவாகத் தெரியும்.

அமெரிக்கப் பதிவாளர்கள் இதைச் சுருக்கமாக டபிள்யூஎல்-என்-ஆர்1-டி1 என்று எழுதுவார்கள். ஈர உதிர்பனி, மனிதர் தூண்டாமல் இயற்கையாக விழுந்தது, அந்தப் பாதையில் விழக்கூடியதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, அழிக்கும் ஆற்றலில் முதல் படி. பார்க்க மந்திரம் மாதிரி இருந்தாலும் எந்த ஜாதி, எதனால் விழுந்தது, அந்தப் பாதைக்கு எவ்வளவு பெரிது, எவ்வளவு அழிக்கும் என்ற நான்கு கேள்விக்கும் நான்கு பதில் இதில் இருக்கிறது. பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடும் யூட்டா அவலான்ச் சென்டர் பொதுமக்களிடமிருந்து இப்படிப்பட்ட பதிவுகளை வாங்கி வெளியிடுகிறது, மறுநாள் முன்னறிவிப்பு எழுதுகிறவருக்கும் அவை உதவுகின்றன. இந்தப் பழக்கத்துக்கு ஆல்ட்டாவில் வேர் ஆழம். 1870, 80களில் வெள்ளிச் சுரங்கத்துக்கு வந்தவர்கள் பலர் அங்கே பனியில் புதைந்து செத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மான்டி அட்வாட்டர் என்பவர் வனத்துறை வேலைக்கு அங்கே வந்து, பனியைத் தினமும் அளந்து எழுத ஆரம்பித்தார், 1950களின் தொடக்கத்தில் எட் லஷப்பெல் வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் பனிச்சரிவு ஒரு படிப்பாக வளர்ந்தது இவர்கள் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்துதான்.

முதல் படி என்றதும் அலட்சியம் வந்துவிடக் கூடாது. அழிக்கும் ஆற்றலின் அளவுகோலில் மொத்தம் 5 படிகள். முதல் படி, மனிதர்களுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இரண்டாவது, ஒருவரைப் புதைக்கவோ கொல்லவோ போதுமானது. மூன்றாவது, ஒரு காரைப் புதைத்து நொறுக்கும். எடைக் கணக்கில் முதல் படி என்பது 10 டன்னுக்கும் குறைவு. குறைவு என்ற சொல்லைப் பாருங்கள், 10 டன் என்றால் ஒரு லாரி மணல்! 5 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம், 10 செ.மீ. ஆழத்துக்கு மேற்பனி வழித்துக்கொண்டு வந்தால் 25 கன மீட்டர், ஈரப்பனி கன மீட்டருக்கு 300 கிலோ என்று வைத்தால் ஏழரை டன். அது ஓடும்போது முழங்கால் வரை வரும் கூழ் போலத்தான் தெரியும், ஆனால் ஸ்கீயோடு இருக்கும் காலைப் பிடித்துவிட்டால் விடாது. கீழே சமதளம் என்றால் பத்து மீட்டர் இழுத்துப் போட்டு நிற்கும், எழுந்து உதறிக்கொள்ளலாம். கீழே செங்குத்துப் பாறை இருந்தால்? மரங்கள் இருந்தால்? எல்லாப் பக்கத்திலிருந்தும் பனி வந்து சேரும் குறுகிய ஓடை இருந்தால்? திறந்த சாய்வில் கணுக்கால் ஆழம் பரவும் அதே பனி, ஓடைக்குள் வந்து சேரும்போது ஆளுயரம் குவியும், நின்ற நொடியில் சிமென்ட் போல இறுகும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதனால் விசிறி எவ்வளவு பெரிது என்று கேட்பதோடு, அது எதன் மேல் போய் விழுகிறது என்பதையும் கேட்க வேண்டும், என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

இனி அந்த இரண்டு தப்புகள். முதல் தப்பு: சின்னச் சின்னதாக உதிர்கிறதே, மலை மொத்தமும் இன்றைக்கு ஆபத்து என்று முடிவு கட்டுவது. அன்றைய முன்னறிவிப்பு அபாய அளவு மிகக் குறைவு என்று அறிவித்த நாளிலும், மிகச் செங்குத்தான ஓரிரு இடங்களில் சின்னச் சரிவு இருக்கலாம் என்றுதான் அந்த அபாய அளவுகோலே சொல்கிறது. தெற்கே உதிர்ந்துகொண்டிருக்கும் அதே மணியில், பக்கத்து மேட்டின் நிழலில் 25 பாகைச் சாய்வு முழுக்க உறுதியாக இருக்கலாம். உதிர்பனி தன் சாய்வை, தன் திசையை, தன் உயரத்தை மட்டும் பேசுகிறது.

இரண்டாவது தப்புதான் ஆளைக் கொல்வது: மேலே கொஞ்சம் உதிர்ந்தது, அடியில் ஒன்றும் அசையவில்லை, ஆக அடியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பது. மேலே 10, 20 செ.மீ.யில் நடப்பது அடியில் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் கடுகு அடுக்கைப் பற்றிச் சாட்சி சொல்லாது. 2021 பிப்ரவரி 6 அன்று இதே வசாட்சில், மில்க்ரீக் பள்ளத்தாக்கின் வில்சன் கிளேடில் நான்கு ஸ்கீயர்கள் இறந்தார்கள். பலவீனமான அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த பலகை கழன்ற விபத்து அது. மேற்பனியை எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் அந்த அடுக்கு கண்ணில் பட்டிருக்காது. அதற்குத் தோண்டிப் பார்க்க வேண்டும், முன்னறிவிப்பைப் படிக்க வேண்டும், அந்தக் குளிர்காலத்தின் வரலாறு தெரிய வேண்டும்.

ஆனாலும் உதிர்பனி ஆழத்தைப் பற்றிப் பேசும் தருணங்கள் இரண்டு உண்டு, கவனித்துப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் கூலி என்று இதைத்தான் சொல்வேன். ஒன்று, விசிறி ஓடும் வழியில் ஒரு பலகையைக் கழற்றிவிடுவது. ஏழெட்டு டன் எடை மேலிருந்து வந்து விழுவது ஒரு ஸ்கீயரின் எடையைவிடப் பெரிய சோதனை. புள்ளியில் தொடங்கிய சரிவின் நடுவில் திடீரென்று ஒரு குறுக்குக் கோடு தெரிந்தால், அந்தப் பக்கமே அன்றைக்குப் போக வேண்டாம். இன்னொன்று, ஓடிய தடத்தின் நிறம். தடம் வெள்ளையாக இருந்தால் மேற்பனி மட்டும் போயிருக்கிறது. அடியில் பழுப்பு மண்ணோ புல்லோ தெரிந்தால், தண்ணீர் பனியின் அடிவரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்து வருவது கைப்பிடியாக இருக்காது.

மாலையில் முகம் நிழலுக்குள் போனதும் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். நழுவிக் கிடந்த கட்டிகள் அரை மணி நேரத்தில் செங்கல் போல இறுகும். விசிறிகளை எண்ண அதுதான் நல்ல நேரம், சாய்ந்த ஒளியில் ஒவ்வொன்றின் ஓரமும் தனியாகத் தெரியும். எண்ணி எழுதிவிட்டு இரவில் வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் தெரிந்தால் பனி தன் சூட்டை மேலே விட்டுவிட்டுக் காலைக்குள் கல்லாகியிருக்கும். மேகம் மூடியிருந்தால் அப்படி இறுகாது. விடிந்ததும் ஸ்கீ கோலைப் பனியில் ஊன்றினால் அது கைப்பிடி வரை இறங்கும், நேற்றுப் பதினொன்றுக்கு நழுவிய முதல் கைப்பிடி இன்று ஒன்பதுக்கே நழுவும்.